இலாபத்தின் வாய்மையும் நிறுவனத்தின் தாங்குதிறனும்



மோகனூரில் காவிரிக்கரையில் கரும்பு பயிரிடும் ஒரு வேளாளரிடம், "இந்த ஆண்டு உமக்கு வருமானம் எவ்வளவு?" என்று கேட்டால் அவர் இரண்டு விடைகள் சொல்வார். "வெட்டிக் கொடுத்தது இவ்வளவு, கைக்கு வந்தது இவ்வளவு" என்பார். வெட்டிக் கொடுத்த கரும்பின் விலை ஆலையின் பேரேட்டில் அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கும். அது அவருக்கு உரிய பணந்தான். ஆயினும் மகளின் கல்லூரிக் கட்டணத்தை அப்பேரேட்டைக் காட்டிச் செலுத்த இயலாது. எழுதப்பட்ட வருமானமும் கையில் சேர்ந்த வருமானமும் வெவ்வேறு என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை, வாழ்க்கையிலிருந்தே அறிந்தார்.

அந்த வேறுபாடுதான் இவ்வுரையின் பொருள். நிறுவனங்கள் ஆண்டுதோறும் அறிவிக்கும் இலாபத்தின் தரம் எத்தகையது, அந்நிறுவனங்களை நடத்துவோரின் நிர்வாக நெறி எத்தகையது, இவ்விரண்டும் இடர் வந்தபோது அந்நிறுவனம் தாங்கி நிற்கும் ஆற்றலை எவ்வாறு முடிவு செய்கின்றன என்பவையே இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன. வணிகத்திலும் வேளாண்மையிலும் ஈடுபட்டு, மிச்சம் பிடித்த பணத்தை வங்கி வைப்பிலும் பங்கிலும் கடன்பத்திரத்திலும் இட்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இது ஏட்டுப்பொருள் அன்று, வீட்டுப்பொருள்.

மூன்று சொற்கள்

முதற்சொல் நிதித் தாங்குதிறன். எதிர்பாராத இழப்பு வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளவும், எதிர்பாராத நல்வாய்ப்பு வந்தால் அதைப் பற்றிக்கொள்ளவும், நியாயமான செலவில் பணம் திரட்ட ஒரு நிறுவனத்துக்கு உள்ள ஆற்றலே தாங்குதிறன். கையிருப்பு ரொக்கம் அதன் ஒரு பகுதி. இன்னும் வாங்காமல் வைத்திருக்கும் கடன்வசதி மற்றொரு பகுதி. கேட்டவுடன் பங்குதாரர் மேலும் முதல் இட முன்வருவார்களா என்பது மூன்றாம் பகுதி. பின்னிரண்டும் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருள்கள் அல்ல. பிறர் உள்ளத்தில் இருக்கும் நம்பிக்கை மட்டுமே.

இரண்டாம் சொல் இலாபத்தின் தரம். கணக்கியல் விதிப்படி, பொருளை விற்ற நாளிலேயே அதன் விலையை வருவாயாக எழுதிக்கொள்ளலாம். பணம் பின்னர் வரலாம். இருப்பில் உள்ள சரக்குக்கு ஒரு மதிப்பை நிறுவனமே கணிக்கிறது. எந்திரம் எத்தனை ஆண்டு உழைக்கும், எந்தக் கடன் வாராமற் போகும், எந்த வழக்கில் தோல்வி நேரும் என்பனவும் கணிப்புகளே. ஆகவே இலாபம் என்னும் எண்ணுக்குள் உண்மையில் வந்த பணமும் இருக்கிறது. வரும் என்று கருதிய பணமும் இருக்கிறது. கருதியது பெரும்பாலும் வந்து சேருமானால் அந்த இலாபம் தரமுடையது. ஆண்டுக்காண்டு கருத்தாகவே நின்றுவிடுமானால் அது தரம் குன்றியது.

மூன்றாம் சொல் நிர்வாக நெறி. யார் முடிவு செய்கிறார், அவரை யார் கேள்வி கேட்கிறார், கேள்விக்கு விடை வராதபோது யார் தடுக்கிறார் என்னும் ஒழுங்கே அது. இயக்குநர் குழு, தணிக்கைக் குழு, வெளித் தணிக்கையாளர், பங்குதாரர் பேரவை, ஒழுங்குமுறை ஆணையம் ஆகியவை இந்த ஒழுங்கின் படிகள்.

சர்க்கரை ஆலையின் பாடம்

மோகனூர் மக்களுக்கு நன்கு தெரிந்த தொழிலையே முதலில் எடுத்துக்கொள்ளலாம். சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இவ்வூரில்தான் இருக்கிறது. கூட்டுறவு ஆலையாயினும் தனியார் ஆலையாயினும் சர்க்கரைத் தொழிலின் பணப்போக்கு ஒரே தன்மையது. கரும்பு சில மாதங்களில் வெட்டப்படுகிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் விலை கொடுக்கப்பட வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேரும். சர்க்கரையோ ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகத்தான் விற்பனையாகிறது. 2018 சூன் முதல் ஒவ்வோர் ஆலையும் மாதந்தோறும் எவ்வளவு விற்கலாம் என்பதை நடுவண் அரசே வரையறுத்து வருகிறது. அதே சமயத்தில் குறைந்தபட்ச விற்பனை விலையாகக் கிலோவுக்கு 29 ரூபாய் வைக்கப்பட்டு, 2019 பிப்ரவரியில் 31 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

14 நாளில் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் 12 மாதத்தில் வரவேண்டிய பணத்துக்கும் இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவது வங்கிக் கடன். கிடங்கில் உள்ள சர்க்கரை மூட்டைகளை ஈடாகக் காட்டி ஆலை கடன் பெறுகிறது. மூட்டைக் கணக்கு மெய்யாக இருந்து, அவற்றுக்கு இட்ட மதிப்பும் நியாயமாக இருந்தால், வங்கி தயங்காமல் கொடுக்கும். ஒருமுறை கணக்குப் பொய்த்துவிட்டால், மறுமுறை மெய்யான மூட்டைக்கும் குறைந்த கடனே கிடைக்கும். அப்போது உழவருக்குச் சேர வேண்டிய பணம் நின்றுபோகும். பணம் கிடைக்காத நாட்களில் உழவர், தாம் கையெழுத்திடாமலே, ஆலைக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிடுகிறார்.

கணக்கின் வாய்மை தணிக்கையாளரின் கவலை மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும். இலாபம் தரமுடையதாயின் கடன் எளிதில் கிடைக்கிறது. கடன் எளிதில் கிடைத்தால் இடர்க்காலத்தைக் கடக்க முடிகிறது.

கரூரில் நிகழ்ந்தது

இனிச் சற்று ஆழமான எடுத்துக்காட்டு. மோகனூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து வாங்கல் வழியாகச் சென்றால் கரூர் மிக அருகு. அந்நகரில் 1926ஆம் ஆண்டு வி. எஸ். என். இராமலிங்கம் செட்டியார் தலைமையில் ஏழு வணிகர்கள் சேர்ந்து இலட்சுமி விலாஸ் வங்கியைத் தொடங்கினர். சுற்றுவட்டார நெசவுத்தொழிலுக்கும் வேளாண்மைக்கும் சிறு வணிகத்துக்கும் கடனுதவி செய்வதே அதன் நோக்கம். 1958இல் இந்திய ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது. கடன் கேட்டு வருபவரின் கடையையும் குடும்பத்தையும் குணத்தையும் நேரில் அறிந்து கொடுத்த வங்கி என்ற பெயர் அதற்கு இருந்தது. இப்பகுதியில் பல குடும்பங்கள் அதன் பங்குகளைப் பாட்டன் சொத்துப் போலப் போற்றி வைத்திருந்தன.

பிற்காலத்தில் வங்கி விரைந்து வளர விரும்பியது. சிறு வணிகருக்குச் சில இலட்சம் கொடுப்பதைவிடப் பெருநிறுவனங்களுக்குப் பல கோடி கொடுப்பது எளிய வழியாகத் தோன்றியது. 2016-17 நிதியாண்டில் வங்கி அறிவித்த நிகர இலாபம் சுமார் 256 கோடி ரூபாய். வெளிப்பார்வைக்கு எல்லாம் செழிப்பாகவே இருந்தது. அந்த நம்பிக்கையில் 2017 டிசம்பரில் உரிமைப் பங்கு வெளியிட்டு, பங்கு ஒன்றுக்கு 122 ரூபாய் விலையில் ஏறத்தாழ 787 கோடி ரூபாயைப் பங்குதாரரிடமிருந்தே திரட்டியது.

அந்த நிதியாண்டு முடிந்தபோது வந்த செய்தி வேறு. 2017-18இல் நிகர இழப்பு சுமார் 585 கோடி. அடுத்த ஆண்டு 894 கோடி. அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. மூன்றே ஆண்டுகளில் இழப்பு 2,300 கோடியைத் தாண்டியது. 2020 மார்ச்சில் கொடுத்த கடனில் நான்கில் ஒரு பங்கு வாராக்கடனாக நின்றது.

இங்கு ஒரு வினா எழ வேண்டும். பெருங்கடன்கள் ஓர் இரவில் கெடுவதில்லை. தொழில் நொடிக்கிறது, வட்டி தாமதமாகிறது, தவணை மாற்றியமைக்கப்படுகிறது, பழைய கடனை அடைக்கப் புதுக்கடன் தரப்படுகிறது. இத்தனை படிகளையும் கடந்த பின்னரே ஒரு கடன் வாராக்கடன் என்று ஏட்டில் ஏறுகிறது. அந்த இடைக்காலம் முழுவதும் அதற்குரிய வட்டி வருவாயாகவே எழுதப்பட்டு, இலாபமாகவே காட்டப்படும். இந்திய வங்கிகள் பலவற்றில் இது நடந்தது. ரிசர்வ் வங்கி 2015இல் நடத்திய சொத்துத்தர ஆய்வும், கடன் சீரமைப்புத் திட்டங்களை நிறுத்தி 2018 பிப்ரவரி 12இல் வெளியிட்ட சுற்றறிக்கையும் மறைந்து கிடந்த வாராக்கடனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. இழப்பு ஒரு வங்கியில் வெளிப்பட்ட ஆண்டு வேறு, உண்டான ஆண்டு வேறு. இடைப்பட்ட ஆண்டுகளின் இலாபம் தரம் குன்றிய இலாபம்.

வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்ட விதம்

தாங்குதிறன் எவ்வாறு கரைகிறது என்பதைக் காண இவ்வங்கியின் இறுதி மூன்றாண்டுகளை ஊன்றி நோக்க வேண்டும்.

முதலில் அடைபட்டது பங்குதாரரின் வழி. 122 ரூபாய் கொடுத்து வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே விலை சரிவதைக் கண்டனர். மறுபடி அவர்களிடம் கைநீட்டிப் பெருந்தொகை பெறுவது கடினமாயிற்று.

அடுத்து நற்பெயர் குலைந்தது. ரெலிகேர் ஃபின்வெஸ்ட் என்னும் நிதி நிறுவனம், தான் இவ்வங்கியில் வைத்திருந்த வைப்புத்தொகையை வங்கி வேறு சிலருடைய கடனுக்காக முறையின்றி எடுத்துக்கொண்டது எனப் புகார் கூறியது. தொகை ஏறத்தாழ 790 கோடி ரூபாய். 2019 செப்டம்பரில் தில்லிக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. வழக்கின் முடிவு எதுவாயினும், வைப்புத்தொகையைப் பற்றியே ஐயம் எழுவது ஒரு வங்கிக்கு எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே மாதத்தில் ரிசர்வ் வங்கி அதனை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ்க் கொணர்ந்தது. நிகர வாராக்கடன் மிகுதி, மூலதனக் குறைவு, தொடர்ந்து இரண்டு ஆண்டு இழப்பு ஆகியவை காரணங்கள். புதிய கிளை திறக்கவும், பெருநிறுவனக் கடன் கொடுக்கவும் கட்டுப்பாடுகள் வந்தன.

மூன்றாவதாக, இணைப்பின் வழி அடைபட்டது. 2019 ஏப்ரலில் இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்துடன் இணைவதாக அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் ரிசர்வ் வங்கி அதற்கு ஒப்புதல் மறுத்தது. இடையில் ஆகஸ்டிலேயே வங்கியின் தலைமை நிர்வாகி பதவி விலகிவிட்டார். 2020இல் கிளிக்ஸ் நிறுவனத்துடன் பேச்சு நடந்தது, மாதங்கள் ஓடின, உறுதியான முடிவு எட்டப்படவில்லை.

நான்காவதாக நிர்வாகமே ஆட்டங்கண்டது. நிறுவனர் வழியினரிடம் இருந்த பங்கு பத்து விழுக்காட்டுக்கும் கீழே. உரிமை பலரிடம் சிதறிக் கிடந்ததால் பொறுப்பேற்று முதல் இட ஒருவரும் இல்லை. தட்டிக் கேட்கவும் நெடுநாள் ஒருவரும் இல்லை. 2020 செப்டம்பர் 25இல் நடந்த ஆண்டுப் பேரவையில் பங்குதாரர்கள் இறுதியாகக் கிளர்ந்தெழுந்தனர். நிர்வாக இயக்குநர் உள்ளிட்ட ஏழு இயக்குநர்களின் நியமனத்தை வாக்களித்து நிராகரித்தனர். தணிக்கையாளரின் மறுநியமனத்தையும் ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி மூன்று தனி இயக்குநர்களைக் கொண்ட குழுவிடம் நாள்நடப்பை ஒப்படைத்தது. பங்குதாரரின் சினம் நியாயமானது; காலங்கடந்தது. கேட்க வேண்டிய கேள்விகளை 256 கோடி இலாபம் அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே கேட்டிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

வங்கிகளுக்கு அப்போது விதிக்கப்பட்டிருந்த மூலதனப் போதுமை 10.875 விழுக்காடு. இவ்வங்கியில் அது 2020 மார்ச்சில் 1.12 விழுக்காடாக இருந்து, செப்டம்பரில் சுழிக்கும் கீழே இறங்கியது. நவம்பர் 17 மாலை 6 மணி முதல் செயல்தடை அறிவிக்கப்பட்டது. வைப்பாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாது என்ற ஆணை வந்தது. திருமணத்துக்குச் சேர்த்தவர்களும், மருத்துவத்துக்கு ஒதுக்கியவர்களும், சம்பளம் கொடுக்க வேண்டிய சிறுதொழில் முனைவோரும் அந்தப் பத்து நாட்களை எவ்வாறு கழித்தார்கள் என்பது இப்பகுதிக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நவம்பர் 27இல் வங்கி, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியுடன் இணைக்கப்பட்டது. அவ்வங்கி 2,500 கோடி ரூபாய் புதிய மூலதனம் கொணர்ந்தது. வைப்பாளரின் பணம் முழுவதும் காக்கப்பட்டது. இது நன்றியுடன் நினைக்கத்தக்கது. ஆனால் பங்குமுதல் முழுவதும் நீக்கி எழுதப்பட்டது. 318 கோடி ரூபாய் மதிப்புள்ள இரண்டாம் அடுக்குக் கடன்பத்திரங்களும் அவ்வாறே. 122 ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 94 ஆண்டு வாழ்ந்த நிறுவனத்தின் பெயரும் மறைந்தது.

அதே ஊர், அதே மழை

இவ்வளவுக்கும் காலத்தையும் ஊரையும் குறை கூறுவது எளிது. அது பொருந்தாது என்பதற்கு அதே கரூரே சான்று. 1916இல் மு. அ. வேங்கடராம செட்டியாரும் ஆதி கிருஷ்ண செட்டியாரும் தொடங்கிய கரூர் வைசியா வங்கி அதே தெருக்களில் வளர்ந்தது. அதே தொழில்களுக்குக் கடன் கொடுத்தது. அதுவும் பெருநிறுவனக் கடனில் அடிபட்டது. 2019 மார்ச்சில் அதன் மொத்த வாராக்கடன் எட்டு விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஆயினும் அந்தக் கடின ஆண்டுகளில் அது இழப்புக்குள் விழவில்லை. 2018-19இல் சுமார் 211 கோடி, 2019-20இல் சுமார் 235 கோடி நிகர இலாபம் காட்டியது. அந்த இலாபம் முன்னாண்டுகளைவிடக் குறைவு. வாராக்கடனுக்கு ஒதுக்கியது போக மிஞ்சியது. மூலதனப் போதுமை தேவையைவிடப் பலபடி மேலே இருந்தது. 2023-24இல் அதன் நிகர இலாபம் 1,605 கோடியாயிற்று.

எந்தப் பங்கையும் வாங்குமாறோ விற்குமாறோ கூறுவது இவ்வுரையின் நோக்கம் அன்று. இரண்டு வங்கிகளுக்கும் நோய் வந்தது. ஒன்றுக்கு நோயைத் தாங்கும் உடல் இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. அந்த உடல் நோய் வந்த ஆண்டில் உண்டாவதில்லை. நல்ல ஆண்டுகளில் இலாபத்தைப் பெரிதாக்கிக் காட்டாமல் ஒதுக்கி வைத்த தொகையும், கெட்ட செய்தியை உரிய காலத்தில் ஏற்றுக்கொண்ட நெறியும் சேர்ந்து உண்டாக்குவது.

ஐதராபாத்தின் எடுத்துக்காட்டு

வங்கி அல்லாத நிறுவனத்துக்கும் இது பொருந்துமா என்று கேட்பவர் 2009 சனவரி 7ஆம் நாளை நினைவுகூரலாம். சத்யம் கணினிச் சேவை நிறுவனத்தின் தலைவர் அன்று இயக்குநர் குழுவுக்கு அனுப்பிய கடிதத்தில், ஏட்டில் காட்டிய ரொக்க இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரோடு முடிந்த காலாண்டில் செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்று காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது 61 கோடி என்றும் அக்கடிதம் கூறியது. ஏட்டைப் படித்தவர்களுக்கு அந்நிறுவனம் கடனில்லாத, ரொக்கம் நிறைந்த, எதையும் தாங்கவல்ல நிறுவனமாகத் தோன்றியது. தாங்குதிறன் முழுவதும் எழுத்தில் இருந்தது.

அதன் பின் நடந்தது இன்னும் கருதத்தக்கது. நடுவண் அரசு பழைய இயக்குநர் குழுவைக் கலைத்து, நற்பெயருடைய சிலரைப் புதிய குழுவாக அமைத்தது. கணக்கு எது மெய், எது பொய் என்று எவரும் அறியாத அந்த நிலையிலேயே, சில வாரங்களுக்குள் வங்கிகள் 600 கோடி ரூபாய் கடன் தர முன்வந்தன. ஊழியருக்குச் சம்பளம் கிடைத்தது. வாடிக்கையாளர் பலர் நீங்காமல் இருந்தனர். ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் ஏலத்தில் அதனை எடுத்துக்கொண்டது. கணக்குச் சீராகும் முன்பே, நடத்துவோர் மீதுள்ள நம்பிக்கை மட்டும் திரும்பியதால் பணம் திரும்பியது. நிர்வாக நெறியே ஒரு முதல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

இந்நிகழ்வின் படிப்பினைகள் 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் இடம்பெற்றன. தனி இயக்குநர்களின் கடமைகள் வரையறுக்கப்பட்டன. தணிக்கை நிறுவனத்தைக் குறித்த காலத்துக்குப் பின் மாற்றுவது கட்டாயமாயிற்று. 2018இல் தணிக்கையாளரையே கண்காணிக்கும் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. வங்கிகளைப் பொறுத்தவரை, தாம் காட்டிய வாராக்கடனுக்கும் ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்ட வாராக்கடனுக்கும் வேறுபாடு வரம்பை மீறினால் அதனை ஆண்டறிக்கையிலேயே வெளியிட வேண்டும் என்று 2017 ஏப்ரலில் விதிக்கப்பட்டது.

சட்டம் கதவுக்குத் தாழ் போடும். ஆனால் கையிருப்பு மிகுந்த நிறுவனத்தில் நெறி தளர்ந்தால் அந்தக் கையிருப்பே கேடாகும் என்பதையும் மறக்கலாகாது. ரொக்கம் குவிந்திருக்கும்போது, தொடர்பில்லாத தொழிலில் இறங்குவதும், உறவினர் நிறுவனத்தை அதிக விலைக்கு வாங்குவதும் எளிதாகின்றன. சத்யம் நிறுவனம் 2008 டிசம்பரில் நிறுவனர் குடும்பத்தின் கட்டுமான நிறுவனங்களை வாங்க முயன்றதும், முதலீட்டாளர் எதிர்ப்பால் சில மணி நேரத்தில் பின்வாங்கியதும் அதன் வீழ்ச்சிக்கு முன்னறிகுறிகள் ஆயின. பணமும் வேண்டும், பணத்தைக் காக்கும் கண்ணும் வேண்டும்.

குடும்பத்தார் பார்க்க வேண்டியவை

ஆண்டறிக்கை முந்நூறு பக்கம் இருக்கலாம். எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. கணக்கில் பழக்கமுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு சில இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, ஐந்தாண்டு நிகர இலாபத்தின் கூட்டுத்தொகையையும், அதே ஐந்தாண்டில் செயல்பாட்டின் வழி வந்த ரொக்கத்தின் கூட்டுத்தொகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. ஓராண்டு வேறுபாடு இயல்பு. ஐந்தாண்டும் ரொக்கம் பின்தங்கினால் காரணம் கேட்க வேண்டும். வங்கிகளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது; அங்கே நிகர வாராக்கடன், ஒதுக்கீட்டின் அளவு, மூலதனப் போதுமை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, விற்பனையைவிட விரைவாக வரவேண்டிய பாக்கியோ சரக்கிருப்போ வளர்கிறதா என்பது. மூன்றாவது, இலாபத்தில் எவ்வளவு வழக்கமான தொழிலிலிருந்து வந்தது, எவ்வளவு நிலத்தையோ முதலீட்டையோ விற்று வந்தது என்பது. நான்காவது, நிறுவனர் குடும்பத்தினரின் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனும் பிணையும். ஐந்தாவது, நிறுவனர் தம் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பது. ஆறாவது, தணிக்கையாளரோ தனி இயக்குநரோ தலைமைக் கணக்கரோ காலம் முடியும் முன்பே விலகினாரா என்பது. ஆறிலும் இதுவே எளிதில் தெரிவது; பெரும்பாலும் முதலில் தெரிவதும் இதுவே.

வைப்பாளருக்கு ஒரு செய்தி. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் அசலும் சேர்த்து 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். நிறுவனங்கள் பொதுமக்களிடம் வாங்கும் வைப்புக்கும், கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும், சீட்டுக்கும் இல்லை. அரை விழுக்காடு வட்டி கூடுகிறது என்று வைப்புக்குப் பதிலாகக் கடன்பத்திரம் வாங்கும்படி கிளையிலேயே யாரேனும் கூறினால், அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். வைப்பு என்றும் பத்திரம் என்றும் பெயரில் உள்ள சிறு வேறுபாடு, 2020 நவம்பரில் முழுப்பணத்துக்கும் சுழிக்கும் உள்ள வேறுபாடாயிற்று.

வீட்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும்

பெருநிறுவனங்களைப் பற்றிப் பேசி முடித்துவிடுதல் போதாது. இவ்வவையில் நெல் அரைவை ஆலை நடத்துவோர், துணிக்கடை வைத்திருப்போர், லாரித் தொழிலில் இருப்போர், கோழிப்பண்ணைக்குத் தீவனம் கொடுப்போர் இருக்கக்கூடும். நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைத் தொழில் எவ்வளவு விரைவில் ஏறி இறங்கும் என்பது யாவரும் அறிந்தது. முட்டை விலை சரிந்த மாதத்தில் தீவன வணிகருக்குப் பாக்கி நிற்கும். அவ்வேளையில் வங்கி மேலாளர் யாருக்குக் கூடுதல் கடன் தருகிறார்? மூன்றாண்டாக ஒரே கணக்கை வருமான வரிக்கும் வங்கிக்கும் கூட்டாளிக்கும் காட்டியவருக்குத் தருகிறார். வரிக்குக் குறைந்த இலாபமும் வங்கிக்கு மிகுந்த இலாபமும் காட்டியவர், தேவைப்படும் நாளில் எந்தக் கணக்கை எடுத்து நீட்டுவது என்று தெரியாமல் தவிப்பார். வரியில் மிச்சம் பிடித்ததைவிட அன்று இழப்பது அதிகம்.

அறக்கட்டளைகளுக்கும் இதே நெறி. ஆலயத் திருப்பணிக்கும் மாணவர் உதவிக்கும் வந்த நன்கொடை தனித்தனிக் கணக்கில் இருந்து, ஆண்டுதோறும் விழா மலரிலேயே வரவு செலவு அச்சாகுமானால், அடுத்த திருப்பணிக்குக் கேட்பதற்கு முன்பே நன்கொடை வரும். கணக்கு ஒருவர் பெட்டியில் மட்டும் இருக்குமானால், அவர் எவ்வளவு தூயவராயினும், அவருக்குப் பின் வருவோர் வெறுங்கையுடன் தொடங்க நேரும்.

முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். இல்லறத்தார் வாய்மை விரதத்துக்கு நேரும் குற்றங்களைத் தத்துவார்த்த சூத்திரம் எண்ணிச் சொல்லுமிடத்தில், கூடலேககிரியையும் நியாசாபகாரமும் இடம்பெறுகின்றன. முன்னது பொய்யாவணம் எழுதுதல். பின்னது நம்பி ஒப்படைத்த பொருளைக் குறைத்துத் தருதல். கள்ளாமை விரதத்தின் குற்றங்களில் பொய்யளவையும் போலிச் சரக்கும் வருகின்றன. இல்லாத இலாபத்தை எழுதுவது முதலாவது. வைப்பாளரின் பணத்தைப் பொறுப்பின்றிக் கடனாக வீசுவது இரண்டாவதற்கு அண்மையது. தேறாத கடனைத் தேறும் கடனாக நிறுத்துக் காட்டுவது மூன்றாவது. வணிகரே மிகுந்திருந்த சமூகத்துக்கு எழுதப்பட்ட ஒழுக்கம் கணக்கேட்டையும் தராசையும் குறிப்பிடாமல் விடவில்லை. வாய்மை பேச்சோடு நின்றுவிடுவதன்று. எழுத்திலும் எண்ணிலும் காக்க வேண்டியது என்பது அதன் கருத்து.

இளைய தலைமுறையினரில் பட்டயக் கணக்கர்களாகவும், வங்கி அலுவலர்களாகவும், நிறுவனச் செயலர்களாகவும் பலர் வருகின்றனர். கெட்ட செய்தியை இந்தக் காலாண்டில் எழுதுவதா, அடுத்த காலாண்டுக்குத் தள்ளுவதா என்னும் நெருக்கடி அவர்களுள் பலருக்கு ஒருநாள் வரும். மேலதிகாரி தள்ளச் சொல்வார்; சக ஊழியர் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்பார். கரூரில் 25,000 ரூபாய்க்கு வரிசையில் நின்றவர்களின் முகத்தை அவ்வேளையில் அவர்கள் நினைவில் கொள்வார்களாயின், எழுத வேண்டியதை எழுதிவிடுவார்கள்.

கணக்கு மெய்யாக இருக்கும் இடத்தில் கடன் தருவோரும் முதலிடுவோரும் உழைப்போரும் அச்சமின்றி நிற்பர். அத்தகைய நிறுவனங்களும் அறநிலையங்களும் இம்மண்ணில் பெருகுக.